மோப்பக்காவுக்கு எட்டாத வாசம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால், மற்றக் கட்டடங்களை விட்டுத் தள்ளி, ஒரு செங்கல் அறை தனியே நிற்கும். ஆய்வகங்கள் வேண்டாம் என்று கழித்துவிடும் அமிலம், கரைப்பான், காலாவதியான பொடி, பாதரசம் துடைத்த துணி எல்லாம் லாரி வந்து ஏற்றிப் போகும்வரை அங்கேதான் இருக்கும். அந்த அறை ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்தது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு மாடி மாடியாகப் போய், கேன்களின் லேபிளைப் படித்து, மூடியை அழுத்திப் பார்த்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பேராசிரியரிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவள் மோப்பக்கா.

அவள் மூக்கு அப்படிப்பட்டது. தாழ்வாரத்தில் வண்டியோடு போகும்போதே, "அந்த மூணாவது ரூம்ல யாரோ மூடிய சரியா திருகல" என்பாள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பாதுகாப்பு அதிகாரிக்கு மட்டும் இது பிடிக்காது.

"மூக்க நம்பாதம்மா. மூக்கு என்ன மீட்டரா? உனக்கு வாசனை தெரியுதுன்னா அது ஏற்கெனவே உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்."

"நானா போய் மோந்து பாக்கறேன் சார்? அதுவா வந்து ஏறுது" என்று அவள் சிரிப்பாள்.

கல்யாணம்கூட அந்த மூக்கு பார்த்து வைத்ததுதான். பின் கேட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. அங்கே இரவெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் தினமும் காலையில் கேண்டீனுக்கு பன் கொண்டுவந்து இறக்குவார். அதிகம் பேசாத மனிதர். அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுட்ட மாவின் வாசம் அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கும்.

"அவர் பக்கத்துல நின்னாலே பசிக்குதுடி" என்று அவள் தோழியிடம் சொன்னாள்.

"பசிச்சா சாப்பிடு. அதுக்கு எதுக்கு கல்யாணம்?" என்றாள் தோழி. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வருஷமே கல்யாணம் நடந்தது.

விபத்து நடந்தது ஒரு மத்தியானம். இரண்டாம் மாடி ஆய்வகத்தில், புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி முடித்திருந்தாள். கழுவப் பயன்படுத்திய நைட்ரிக் அமிலத்தை அமிலக் கேனில் ஊற்ற வேண்டும். அது நிறைந்திருந்தது. பக்கத்தில் பாதி காலியாக இன்னொரு கேன் இருந்தது. அது ஆல்கஹால் கழிவு போடுகிற கேன். லேபிளைப் படிக்காமல் அதில் ஊற்றி, மூடியை இறுகத் திருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மோப்பக்கா வண்டியோடு உள்ளே வந்து அந்தக் கேனில் கை வைத்தாள். கையுறையைத் தாண்டி உள்ளங்கை சுட்டது. கேனின் பக்கவாட்டு உப்பி, தரையில் நேராக நிற்க முடியாமல் ஆடியது.

"எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு வெளிய போங்க!"

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் ஓடினார்கள். எச்சரிக்கை மணியை அடித்துவிட்டு அவளும் வாசலைத் தாண்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது அந்த மாணவி மட்டும் தொட்டிப் பக்கம் சிலையாக நின்றிருந்தாள். தான் செய்தது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மோப்பக்கா உள்ளே ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மூடி தெறித்தது அந்த நேரத்தில்தான். செம்பழுப்பு நிறப் புகை பொங்கிவந்து அறையை அடைத்தது. மாணவியை முன்னால் தள்ளிவிட்டு வெளியே வருவதற்குள் அவள் இரண்டு மூச்சு இழுத்திருந்தாள். கழுத்தில் தொங்கிய முகமூடியை மாட்ட நேரமில்லை. மாட்டியிருந்தாலும் பயனில்லை, அது கரைப்பான் ஆவிக்கானது.

மருத்துவமனையில் கொஞ்ச நாள் நெஞ்சு எரிந்தது, இருமல் குடலைப் பிடுங்கியது, பிறகு மெல்லத் தணிந்தது. பேச முடிந்த முதல் காலையில், கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த கணவரை அவள் பார்த்தாள்.

"ஏங்க, ராத்திரி வேலைக்குப் போகலையா?"

"அடுப்ப அணைச்சுட்டு நேரா இங்கதானே வர்றேன்."

அவள் அவர் சட்டையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். துணி கன்னத்தில் பட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் அழுததற்கு, உடம்பு வலிக்கிறது போல என்று நினைத்து அவர் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

"வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. "மூக்கு நரம்பு ரொம்ப மெதுவாத்தான் வளரும். காத்திருந்து பாப்போம்."

காத்திருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் பால் திரிந்தது தெரியாமல் அவள் காபி கலந்தாள். அடுப்பில் கருகுவது தெரியாமல் பக்கத்தில் நின்று பாத்திரம் தேய்த்தாள். கணவர் பாலை மோந்து பார்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போகப் பழகிக்கொண்டார்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது சில ஏற்பாடுகள் மாறியிருந்தன. அழுத்தம் ஏறினால் தானாகக் கசியவிடும் மூடிகள் வந்திருந்தன. அமிலத்துக்கும் கரைப்பானுக்கும் அறையின் இரு மூலைகளில் தனித்தனி அலமாரி. பாதுகாப்பு அதிகாரி ஒரு சின்ன வாயு மீட்டரை அவள் சட்டைப் பையில் மாட்டிவிட்டார்.  தாழ்வாரத்தில் ஒருவர் பழக்கத்தில் "மோப்பக்கா!" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கூப்பிடுங்க. வேற என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றாள் அவள்.

அந்த மாணவி செங்கல் அறை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நான்தான்..."

"தெரியும்."

"என்ன மன்னிச்சிடுங்க அக்கா."

பரவாயில்லை என்று சொல்லத்தான் மோப்பக்கா வாயைத் திறந்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்லாமல் வண்டியைப் பிடித்துத் திருப்பினாள். "லேப்ல வேலை கிடக்கும், போ" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு மோப்பக்கா உண்டானாள். வயிற்றில் பிள்ளையோடு ரசாயனத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று அவளை அலுவலக மேஜைக்கு மாற்றினார்கள். பெண் குழந்தை பிறந்தது. முதலில் பார்க்க வந்தவள் நாத்தனார். குழந்தையைத் தூக்கி, கண்ணை மூடி உச்சி மோந்தாள்.

"ஐயோ அண்ணி! என்னா வாசம்! இத பாட்டில்ல பிடிச்சு வச்சுக்கலாம் போல இருக்கே."

நாத்தனாருக்கு விஷயம் மறந்துவிட்டது. சொன்ன பிறகு ஞாபகம் வந்து, முகம் செத்துப்போய், குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.  மோப்பக்கா குனிந்தாள். உச்சந்தலை மெத்தென்று துடித்துக்கொண்டிருந்தது. பூனைமுடி மூக்கில் கூசியது. நெஞ்சு முட்டும்வரை மூச்சை இழுத்தாள். காற்றுதான் வந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு பசியாகிவிட்டது. பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது மோந்துகொண்டே இருந்தாள். ஒரு காலை கணவர் வேலை முடிந்து வந்து குழந்தையைத் தோளில் போட்டபோது கேட்டேவிட்டாள்.

"எப்படி இருக்குங்க?"

"எது?"

"அவ வாசம்."

"குழந்தை வாசம்தான்."

"அது தெரியாமயா கேக்கறேன்? எது மாதிரி இருக்கு?"

அவர் கண்ணை மூடினார். அடுப்பைத் திறக்காமலே உள்ளே வெந்ததா என்று சொல்கிற மனிதர் தடுமாறினார். "பால்... இல்ல, பால் இல்ல. பொங்கின மாவு மேல இருக்கற துணிய எடுத்தா முகத்துல ஒரு வெதுவெதுப்பு அடிக்கும் பாரு. அதுல புளிப்ப மட்டும் எடுத்துட்டா..."

"எடுத்துட்டா?"

"கொஞ்சம் இனிப்பு. சர்க்கரை இனிப்பு இல்ல."

"பின்ன என்ன இனிப்பு?"

"சொல்லத் தெரியலம்மா."

"தெனமும் மோந்து பாக்கறீங்க. உங்களால ஒரு வார்த்தை உருப்படியா சொல்ல முடியல!" என்று கத்திவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மேல் கோபமில்லை என்று அவளுக்கே தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் அவர் கேட்காமலே சொன்னார். "இன்னிக்கு வெயில்ல காஞ்ச துணி மாதிரி." அதற்கடுத்த நாள், "உரிச்ச பாதாம் மாதிரி." தினமும் ஒன்று கொண்டுவந்தார். அவள் அதையெல்லாம் மனசுக்குள் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். சொற்கள் எத்தனை சேர்ந்தும் அவளுக்கு வாசம் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் காலைகளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தை தவழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவர் ஒருமுறைக்கு இருமுறை மோந்து பார்த்தார்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு... கொஞ்சம் குறைஞ்சுடுச்சு."

சில வாரங்களில் அவர் சொல்வதற்கு ஏதுமில்லாமல் போயிற்று. குழந்தையின் தலை சோப்பு வாசமும் எண்ணெய் வாசமும் அடிக்கிற தலையாகிவிட்டது. வந்து தங்கிவிட்டுப் போன ஒருவரைப் பார்க்காமலே விட்டுவிட்டது போல அவளுக்கு இருந்தது.

அவள் செங்கல் அறைக்குத் திரும்பினாள். ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. கழிவை எதில் ஊற்றுவது, கேனில் எவ்வளவு இடம் விடுவது, ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் எதில் போடுவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதை இப்போது நடத்துவது அந்த ஆராய்ச்சி மாணவிதான். உப்பி மூடி தெறித்த அந்தக் கேனை மேஜைமேல் வைத்து, "இத நான்தான் பண்ணேன்" என்று ஆரம்பிப்பாள். கடைசி வரிசையில் நின்று மோப்பக்கா அதைக் கேட்டாள். முடிந்த பிறகு இருவரும் கேண்டீனில் தேநீர் குடித்தார்கள். அது பழக்கமாயிற்று. பரவாயில்லை என்ற வார்த்தை மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்தப் பெண்ணும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில், அந்தச் சூடான தலையை மடியில் வைத்திருக்கும்போது, பழைய கோபம் புதிதாக மூண்டு எழும். மறுநாள் தேநீர் குடிக்கும்போது அவள் அதிகம் பேசமாட்டாள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு விடுமுறை நாளில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மோப்பக்கா கத்தியைப் போட்டுவிட்டு அலறினாள்.

"ஏங்க! ரப்பர் எரியுதுங்க!"

கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார், விளக்கை அணைத்தார், சுவரில் இருந்த ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தார். "எங்கம்மா? ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்க, வெங்காயந்தான்!" அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். "வெங்காயம் ரப்பர் மாதிரி நாறுதுங்க!"

நரம்பு விழித்துக்கொள்ளும்போது முதலில் இப்படித் தப்பும் தவறுமாகத்தான் சொல்லும் என்றார் டாக்டரம்மா. பல மாதங்கள் சோப்பும் ரப்பர், காபியும் ரப்பர். பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. முன்பிருந்த கூர்மை வரவில்லை. ஒரு பொருளைக் கிட்டத்தில் வைத்தால் தெரியும், அவ்வளவே.

அந்தச் சமயத்தில் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தது. மூன்று பேரும் பார்க்கப் போனார்கள். நாத்தனார் எதுவும் சொல்லாமல் குழந்தையை எடுத்து அண்ணி கையில் கொடுத்தாள். மோப்பக்கா நெடுநேரம் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. பிறகு குனிந்தாள்.

வந்தது. மெல்லிசாக, வெதுவெதுப்பாக, பால் மாதிரியும் இல்லாமல், பெயரில்லாத ஒரு இனிப்போடு வந்தது. கணவர் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை. அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"நம்ம பொண்ணுக்கும் இதே வாசந்தானா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். அவரும் குனிந்து மோந்தார். யோசித்தார்.

"இல்லம்மா. இது வேற" என்றார்.

அவள் தலையாட்டினாள். பொய் சொல்லாததற்காக அவர் கையை ஒருமுறை அழுத்தினாள். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

திரும்பும் பேருந்தில் மகள் அவள் மடியில் சாய்ந்திருந்தாள். நாள் பூராவும் ஓடியாடிய பிள்ளை. மோப்பக்கா குனிந்து அந்த உச்சியில் மூக்கை வைத்தாள். புழுதி, வியர்வை, வெயில், ரிப்பனின் துணி வாசம். அதற்கடியில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று முடியை விலக்கி, இன்னும் கிட்டத்தில் போய் மோந்தாள்.

"என்னம்மா பண்ற? பேன் பாக்கறியா?" என்றாள் மகள் தூக்கக் குரலில்.

"ஆமா" என்றாள் அவள். "ஆடாம இரு."