மூணுதரக்காரர் மைக் பிடித்த கதை

எங்கள் சபையில் அவரைத் தங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் போதகர், எல்லாரையும் பிடிக்கும் என்று சொல்லியாக வேண்டிய வேலை அவருடையது. இன்னொருவர் அவரேதான்.

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுவது அவருடைய தொழில். பெட்டி இறக்கும் கூலியாக உள்ளே போனவர், சில வருடங்களில் மேடைமேல் ஏறி, மற்றவர்கள் இறக்கிய பெட்டிகளுக்கு விலை கூற ஆரம்பித்துவிட்டார். சந்தையில், நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரின் மொழியில்தான் கூவுவார். விலை முடிகிற இடம் வந்ததும் நாக்கு தானாகத் தமிழுக்குத் திரும்பிவிடும். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." ஊர்க்காரர்களே அதைப் பழகிக்கொண்டார்கள் என்று கேள்வி. அதனால்தான் எங்களுக்கு அவர் மூணுதரக்காரர்.

தன் கண்ணைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். சந்தையில் வாங்குகிறவன் வெளிப்படையாகக் கையைத் தூக்க மாட்டான். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று காதைத் தொடுவான், பேனாவைச் சாய்ப்பான், வாயில் இருக்கிற பல்குச்சியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றுவான். அத்தனையும் அவர் கண்ணில் விழும், அத்தனையும் விலையாகும். விழுந்த ஏலத்தை ஒருநாளும் திருப்பியதில்லை என்பது அதைவிடப் பெரிய பெருமை. ஈ ஓட்டக் கையை வீசியவன் தலையில் ஒரு வண்டி முட்டைகோஸைக் கட்டிவிட்ட கதையை விருந்துகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த ஆள் பிறகு என்ன ஆனான் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

நம்மோடு பேசும்போதும் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். அவர் முன்னால் நிற்கும்போது மூக்கைச் சொறியக்கூடப் பயமாக இருக்கும்.

டயர் கடைக்கு மேலே இரண்டு படுக்கையறை வீடு அவருடையது. ஒன்றில் அவரும் மனைவியும். இன்னொன்றில் பிள்ளைகள். முன் அறையின் சோபா அவருடைய தங்கைக்கு. கணவன் இறந்தபின் அண்ணனே அழைத்து வந்தார். அதைச் சொல்லிக் காட்டாத நாள் குறைவு. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிக்கிறாள். என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. இந்த வீட்டுக் கதையெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது விரிப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதன் வழியாகத்தான். தங்கையின் துணிகள் டிவிக்குப் பின்னால் ஒரு பெட்டியில். வீட்டில் கடைசி ஆள் டிவியை அணைத்துவிட்டு எழுந்தால்தான் அவளுக்குப் படுக்கை. காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

அவள் ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், மாடியில், தனியாக ஒரு குளியலறையோடு. முன்பணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் போதுமான அளவுக்கு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கட்டினால் அறை அவளுக்கு. தவறினால் அடுத்த ஆளுக்கு.

"தனி ரூமா? அண்ணன் வீட்டுல இடமில்லன்னு ஊர் பூராச் சொல்லணும், அதானே உனக்கு?" என்றார் மூணுதரக்காரர்.

"இடம் இருக்குண்ணே. எனக்குத்தான் இல்ல."

"அவ போயிட்டா காலைல புள்ளைங்களுக்கு யாரு சமைக்கிறது? உங்க சந்தைல இருந்து ஆள் வருமா?" என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சபைக்குப் பணமுடை வந்தது.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால், முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கூடத்தில் நாங்கள் கூடுகிறோம். அதன் உரிமையாளர், புது ஒப்பந்தத்துக்குப் பெரிய தொகை முன்பணமாக வேண்டும், இல்லாவிட்டால் உடற்பயிற்சிக்கூடம் வைக்க ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. இந்த ஊரில் இன்னொரு இடம் தேடுவது என்ன பாடு என்று தேடியவர்களுக்குத் தெரியும். போனில் "இருக்கிறது, வாருங்கள்" என்பார்கள். நேரில் போய் நம் முகத்தைக் காட்டியதும் "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்பார்கள். அதையும் தாண்டி இடம் கிடைத்தால் பாட்டுச் சத்தம் என்று ஒரு புகார், வண்டி நிறுத்தினோம் என்று ஒரு புகார்.

எங்கள் போதகருக்குக் காசு கேட்க வராது. மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்கிற மனிதர், காணிக்கை நேரம் வந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு, "கர்த்தர் உங்களை ஏவுகிறபடி" என்று முனகுவார். காணிக்கைப் பை, தூங்குகிற குழந்தையைக் கைமாற்றுவது போல ஓசையில்லாமல் ஒவ்வொரு வரிசையாகப் போகும். அதே ஓசையில்லாமையோடு காலியாகத் திரும்பும். அதனால் ஒரு ஞாயிறு அவர் மைக்கை மூணுதரக்காரரிடம் நீட்டினார்.

"நீங்க கொஞ்சம் ஜனங்கள உற்சாகப்படுத்துங்க பிரதர்."

நான் பின்னால் சத்தம் கூட்டிக் குறைக்கிற மேசையில் இருப்பவன். அவர் "அலோ" என்றதுமே சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். அப்போதும் கண்ணாடி அதிர்ந்தது.

அவர் வசனம் எதுவும் படிக்கவில்லை. கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், சரக்கைப் பார்ப்பது போல.

"ஆறு ஜன்னல் இருக்கு. வெளிச்சம் வேணும்னா ஜன்னல் வேணும். மொத ஜன்னல் யாருக்கு? அண்ணே, டிரைவிங் ஸ்கூல் அண்ணே, உங்களத்தான். போன மாசம் புது வண்டி எடுத்தீங்களே, அதுல மட்டும் எத்தன ஜன்னல்? ஆண்டவருக்கு ஒண்ணு தரக்கூடாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் சிரிக்காமல் கையைத் தூக்கினார். அன்றைக்கு ஆறு ஜன்னலும் விழுந்தன, எடுத்தவர்கள் விழுந்த தொகையைக் கூடத்தின் முன்பணத்துக்குக் காணிக்கையாகத் தர வேண்டும். அடுத்த வாரம் தரை, அதற்கடுத்த வாரம் கூரை. தரைக்குக் கை தூக்கிய தையல்காரம்மாவைப் பார்த்து, "அக்கா, அந்தக் கை போதாது, இன்னும் கொஞ்சம் மேல" என்றார். கழிப்பறை வரிசையில் பெண்கள் பேசிக்கொண்டது எனக்கே கேட்டது.

"கோயிலுக்கு வந்தா பொண்ணு பாக்க வந்த மாதிரி ஏற இறங்கப் பாக்குறாரு மனுஷன்."

"பாத்துட்டுப் போனாப் பரவால்லயே. விலையும் சொல்றாருல்ல."

சிலர் காணிக்கை நேரம் முடிந்தபின் வர ஆரம்பித்தார்கள். சிலர் வருவதையே நிறுத்தினார்கள். ஆனால் பணம் வந்தது. அதனால் போதகர் வாயைத் திறக்கவில்லை. பின்னணியில் மெதுவாக வாசிக்கச் சொல்லித் தன் மனைவியைக் கீபோர்டில் உட்காரவைத்தார், அவ்வளவுதான். ஏலத்துக்கு ஆராதனை மாதிரி ஒரு சட்டை போட்டுவிட்டோம் என்று அவருக்கு நிம்மதி.

வினையே அந்த வாசிப்பில்தான் வந்தது.

கடைசியாக மிஞ்சியது வாசல் கதவு. எல்லாவற்றிலும் விலை கூடிய உருப்படி. பல் டாக்டர் ஒருவர் அப்பா நினைவாக அதை எடுத்துக்கொள்வது என்று முன்பே மனதில் வைத்திருந்தார். மூணுதரக்காரர் ஆரம்ப விலையைச் சொன்னார், டாக்டர் கை தூக்கினார். அதே நேரம் நாலாவது வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. தங்கையின் கை. கீபோர்டைக் கேட்டு ஜெபவேளை வந்துவிட்டது என்று எண்ணிக் கண்ணை மூடியவள், ஒரு கையை உயர்த்தி, காதில் எதுவும் விழாமல், அந்த மாடி அறைக்காக வேண்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒரு கை" என்று விலையை ஏற்றினார் அண்ணன். டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கினார். அந்தக் கை இறங்கவில்லை. விலை ஏறியது. டாக்டர் இன்னொரு தடவை தூக்கினார். அந்தக் கை இறங்கவில்லை. டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார், மனைவி தலையை ஆட்டினாள், அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். விழுந்தது. கதவு என் தங்கச்சிக்கு."

கூடமே கை தட்டியது. சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவள், யாருக்கோ ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று எண்ணித் தானும் கை தட்டினாள்.

பக்கத்தில் இருந்த என் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். விழுந்த தொகை, அவள் சேர்த்து வைத்திருந்ததை ஏறக்குறைய அப்படியே துடைத்துவிடும்.

அன்று மதியம் அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

"நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேண்ணே. கண்ணு மூடியிருந்துச்சே, பாக்கலையா நீ?"

"நான் எங்க மூஞ்சியப் பாத்தேன்? கையத்தான் பாப்பேன். என் தொழில் அது."

"அப்ப உன் தொழில்ல தப்பு நடந்து போச்சு. அடுத்த வாரம் எந்திரிச்சு, தப்பா விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"விழுந்தத நான் திருப்புனதில்ல."

"முட்டைகோஸாண்ணே நான்?"

அண்ணி குறுக்கே வந்தாள். "கடவுளுக்குத்தானே குடுக்கப் போற? இங்க சோறு இருக்கு, சோபா இருக்கு. அப்படி என்ன குறை வச்சோம்?"

தங்கை அண்ணியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "நான் இங்கயே கிடக்கணும்னுதானே ரெண்டு பேரும்?" என்றாள். 

மறுநாள் மாலை போதகர் வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "யாரும் கட்டாயப்படுத்தலம்மா" என்றார். "ஆனா ஜனங்க கை தட்டிட்டாங்க. ஓனர் கிட்டயும் சொல்லியாச்சு."

"என்னக் கேட்டா சொன்னீங்க பாஸ்டர்?"

"விசுவாசத்துல சொன்னேன்."

"அப்ப விசுவாசத்துலயே கட்டிடுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பணத்தை அறைக்காரம்மாவிடம் கொடுத்துவிடும்படி என் மனைவி சொல்லிப் பார்த்தாள். ஊரே கைதட்டிய பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினவள் என்ற பேரோடு அந்த அறைக்குள் போகமாட்டேன், அண்ணன் வாயால் தப்பு என்று வரட்டும் என்று தங்கை பிடிவாதமாக நின்றாள்.

ஞாயிறு வந்தது. போதகர் முகம் மலர மைக்கைப் பிடித்தார்.

"கதவுக்கான காணிக்கை முழுசா வந்து சேர்ந்துடுச்சு. நம்ம சகோதரிக்கு எல்லாரும் நன்றி சொல்லுவோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். தங்கை எழுந்தாள்.

"நான் ஒரு காசும் குடுக்கல."

கைதட்டல் அரைகுறையாக நின்றது. போதகர் முதல் வரிசையைப் பார்த்தார். முதல் வரிசையில் மூணுதரக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயாண்ணே கட்டுன?"

"உக்காரு. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல பேசுனா, என் பேருல கட்டினேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவ. அந்தச் சோபாவ விட்டு நான் எந்திரிக்கவே முடியாது. இங்கயே பேசு. ஏலம் போடுறவனே தனக்கு எடுத்துக்கிட்டா உங்க சந்தைல அதுக்கு என்ன பேரு?"

சந்தையில் அவரிடம் சரக்கெடுக்கிற கடைக்காரர் ஒருவர் எங்கள் சபையில் உண்டு. அவர் தன் இடத்தில் இருந்தபடியே, யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னார்.

"லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. அதவிடப் பெரிய தப்பு அங்க கிடையாது."

மூணுதரக்காரரின் பிடரி சிவந்தது. போதகர் என்னைப் பார்த்து மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் அணைக்கவில்லை. மூணுதரக்காரர் மேடையேறி மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். நாளை காலை இந்தக் கதை சந்தையில் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"போன வாரம் கதவு தப்பா விழுந்துச்சு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் வார்த்தைகள் நசுங்கி வந்தன. "ஏலம் ரத்து. மறுபடி விடுறேன். கதவு யாருக்கு?"

பல் டாக்டர் கையைக் கட்டியபடியே இருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தையல்காரம்மா இரண்டு கைகளையும் கைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"ஒரு தரம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு தரம்." மூன்றாவதைச் சொல்லாமல் இறங்கிவிட்டார்.

போதகர் அவசரமாக மைக்கை எடுத்து, "எல்லாரும் கைகளை உயர்த்தி ஜெபிப்போம்" என்றார். ஒரு கைகூட உயரவில்லை.

மறுநாளே தங்கை முன்பணத்தைக் கட்டினாள். அந்த வாரக் கடைசியில் டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டியை நானும் என் மனைவியும் போய்த்தான் தூக்கி வந்தோம். அண்ணன் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தார். நாங்கள் படியிறங்குகிறவரை வெளியே வரவில்லை. அண்ணி மட்டும் வாசல்வரை வந்து, "குக்கர் எங்களோடது, வச்சிட்டுப் போ" என்றாள்.

கதவு ஏலம் ரத்தானதால் கூடத்தின் முன்பணத்துக்கு இன்னும் பணம் தேவைப்பட்டது. வேறு வழியில்லாமல் போதகரே அடுத்த வாரம் எழுந்து, முன்பணம் இவ்வளவு, குறைவது இவ்வளவு, இது போனால் இடம் போகும் என்று முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல் சொன்னார். பை போனது. முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார்கள், ஆனாலும் போட்டார்கள். அந்த முணுமுணுப்பு எனக்குப் பிடித்திருந்தது. யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூணுதரக்காரர் இப்போதும் வருகிறார். கடைசி வரிசையில், என் மேசைக்குப் பக்கத்தில் உட்காருகிறார். தங்கை வலப்பக்கம் உட்கார்ந்தால் இவர் இடப்பக்கம் போய்விடுவார். போதகர் ஒருநாள் மனம் கேட்காமல் அவரிடம் வந்து, "பிரதர், மறுபடி ஒருதடவை ஜனங்கள உற்சாகப்படுத்தலாமே" என்று தொடங்கினார்.

"வேணாம் பாஸ்டர்" என்றார் அவர், என் கைகளைப் பார்த்துக்கொண்டே. "இங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் கையத் தூக்குறாங்க. இந்தச் சந்தை எனக்கு ஒத்து வராது."