பகலில் விழித்திருந்த ஆறு மாதம்

எங்கள் குவார்ட்டர்ஸில் அழைப்பு மணி இருந்தது. அதன் ஒயரை மட்டும் குடிவந்த வாரமே நான் கழற்றிவிட்டேன். கணவருக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பிரிவில் வேலை, மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து, நாலு இட்லி தின்றுவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுத்தாரென்றால் மூன்று மணி வரை வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் சட்னி அரைப்பேன். அந்த வீட்டுக்காரருக்கும் அதே வாரம் நைட் என்றால் இரண்டு வீட்டிலும் வாரம் முழுக்க இட்லிப் பொடிதான். என் பிள்ளைகள் சண்டையைக்கூடச் சைகையில் போட்டு வளர்ந்தவர்கள்.

இருபத்திரண்டு வருடம் இப்படிப் போனது. வாட்ஸ்அப் வந்த புதிதில், அவருக்குக் குடலில் கட்டி என்றார்கள். புதுச்சேரியில் ஆபரேஷன். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு. "அதுக்கப்புறம் ஸ்கேன் பாப்போம். மறுபடியும் ஏதாவது தெரிஞ்சா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். மீதிப் பாதியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் அரிசி களையும்போது முடித்துப் பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் ஹாஸ்டலில் இருந்தார்கள். வீட்டில் நானும் அவரும் மட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாளே மனிதர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார், நேற்றுக் குடிவந்தவர் மாதிரி. சமையலறைக்கு வெயில் எத்தனை மணிக்கு வருகிறது? தபால்காரர் ஏன் எதிர் வரிசையை முதலில் முடிக்கிறார்? ஒருநாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"நம்ம தெருவுல மட்டும் எவனும் கூவி விக்கறதில்லியே, ஏன்?"

"தெரியாதா உங்களுக்கு? நைட்டு முடிச்சிட்டு வந்து தூங்குறவங்க இருப்பாங்கன்னுதான்."

"எல்லா வாரமுமா?"

"எந்த வாரமா இருந்தாலும் இந்தத் தெருவுல யாராவது ஒருத்தர் தூங்கிகினுதான இருக்கீங்க?"

மறுநாள், வளையமாதேவியிலிருந்து பஸ் ஏறி வரும் கீரைக்கார அம்மா வழக்கம்போல் கேட் கொக்கியை மெதுவாக இரண்டு தட்டு தட்டியபோது, இவர் எழுந்து போய் கூவச் சொன்னார்.

"இந்தத் தெருவுல நொழஞ்சாலே வாய் தானா மூடிக்குது சார்," என்று அந்த அம்மா வெட்கப்பட்டார். இவர் விடவில்லை. கடைசியில் அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கீரேய்... அரக்கீரே, மொளக்கீரே, தண்டுக்கீரேய்..." என்று ஒரு குரல் எடுத்தார் பாருங்கள், மூன்றாவது வீட்டு நாய் குரைத்தது, நான்காவது வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து திட்டினார்கள். இவர் சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும், வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையணை உள்ளே கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து நான் அழுத்தினேன். அதன் பிறகு தலையணை அந்த நாற்காலியிலேயே இருந்தது.

ஒரு கீரிப்பிள்ளையும் இருந்தது. பதினோரு மணி வாக்கில் பக்கத்து வேலியில் நுழைந்து எங்கள் பலாமரத்தடி வழியாகப் பின்பக்கம் போகும்.

"இது எத்தினி வருசமா போவுது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் தூக்கத்துக்குக் காவல் இருந்ததில் நானும் வெளியே பார்த்ததே இல்லை. எங்கே போகிறது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேருக்கும் மண்டை காய்ந்தது. கலங்கலாக ஒரு போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். அவன், "அணிலாப்பா?" என்று கேட்டான்.

மூன்றாவது கீமோ முடிந்து, நடக்கத் தெம்பு வந்த ஒரு நாள் நாங்களே அதன் பின்னால் போனோம். அவர் லுங்கியில், தலையில் துண்டு. நான் நைட்டியில், கையில் தலையணையோடு. பின்வரிசை வீட்டு வேலிக்குப் பின்னால் ஒழுகும் குழாயடியில் அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் ரகசியம். குந்தி உட்கார்ந்து இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

அன்று பார்த்து என் நாத்தனார் குள்ளஞ்சாவடியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தார்.

"மனுசன் இந்த நெலமையில கெடக்கறப்ப, வேலிக்குப் பின்னால குந்திகினு என்னா சிரிப்பு? ஊரு என்னா பேசும்?"

எனக்குச் சுருக்கென்றது. நாத்தனார் கேட்டதை என்னையே நான் கேட்காத நாளில்லை. கீமோ ஊசி போட்டு வந்த நாலைந்து நாள் இவர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடப்பார். பயத்தோடு முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஆறாம் நாள் எழுந்து, "கீரி வந்துச்சா?" என்பார். உடனே எனக்கு வயிறு குளிரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இப்படி ஒரு நோய் வந்துதான் புருஷனைப் பகலில் பார்க்க வேண்டுமா என்று ஆத்திரமாகவும் வரும்.

ஆறு கீமோவும் முடிந்தன. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். கொஞ்ச நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் வேலைக்குத் திரும்ப 'ஃபிட்' சர்டிபிகேட் வாங்கப் போனோம். டாக்டர் எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லா இருக்காரும்மா. திங்கக்கிழமையிலிருந்து டியூட்டிக்குப் போகலாம். கொஞ்ச நாளைக்குப் பகல்ல மட்டும் ஜெனரல் ஷிப்ட், லைட் டியூட்டி."

"திங்கக்கிழமையேவா சார்?" என்றேன்.

யோசித்துக் கேட்டதில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. உடம்பு தாங்குமா என்று பயப்படுகிறேன் என டாக்டர் நினைத்துக்கொண்டு, பயமே வேண்டாம், இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கவலைப்படலாமா என்று ஐந்து நிமிடம் தைரியம் சொன்னார். நானும் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தார். மாத்திரைப் பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஏறு. இன்னும் மூணு நாள் இருக்கு."