அம்மா தொடங்கிய பாட்டுக் குழு

பக்கத்துக் கோவில் ஒலிபெருக்கியில் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். ஆர்மோனியச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், காடு வெட்டிக் குடியேறிய ஸ்கந்தபுரத்தில், பாட்டுக் குழுவைத் தொடங்கியது என் அம்மாதான். தன்னோடு களை பிடுங்கும் ஆறு பெண்களை வெள்ளிக்கிழமைகளில் எங்கள் முற்றத்தில் இருத்திப் பழக்கினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாட்டெல்லாம் மனப்பாடம். முதலில் வந்து சேர்ந்தவர் செல்லம்மா மாமி. குடியேறிய வருடம் எங்கள் இரு குடும்பமும் ஒரே கொட்டிலில்தான் சமைத்துச் சாப்பிட்டோம்.

பிறகு பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து ஆர்மோனியத்தோடு ஊருக்கு வந்தார். கோவில் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் எங்கள் முற்றத்துக்கு ஆட்கள் வருவது நின்றுபோயிற்று.

"வயல் வேலை அக்கா, நேரமில்லை" என்றார் மாமி.

திருவிழா அன்று அம்மா கூறைச்சேலை உடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் வாத்தியாரின் மனைவி ஆர்மோனியம் வாசிக்க, ஆறு பேரும் ஒரே மாதிரி நீலச் சேலையில் நின்று, அம்மா பழக்கிய பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் மாமி தலையைக் குனிந்துகொண்டார். பாட்டை நிறுத்தவில்லை.

இறங்கி வந்து, "புத்தகம் பாத்துப் படிக்கிற ஆக்கள்தான் வேணுமெண்டு வாத்தியாரம்மா சொல்லிப்போட்டா. உங்களிட்டச் சொல்ல மனம் வரேல்லை அக்கா" என்றார்.

"சொல்லியிருந்தா நான் வீட்டிலயே நிண்டிருப்பன், செல்லம்மா" என்றார் அம்மா.

அடுத்த வருடம் வாத்தியார் மாற்றலாகிப் போக, ஆர்மோனியமும் போயிற்று. ஆறு பேரும் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள்.

"வாங்கோ அக்கா, திரும்பப் பாடுவம்" என்றார் மாமி.

அம்மா நெல் புடைத்தபடி, "எனக்குப் பாட்டெல்லாம் மறந்துபோச்சு" என்றார்.

அன்று காலையும் தம்பியை ஏணையில் ஆட்டியபடி, ஒரு சொல் பிசகாமல் அவர் பாடியதைக் கேட்டிருந்தேன்.