வாயில் வராத பெயர்

மருதாயிக்கு அறுபத்திரண்டு வயது. வாழவந்திப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாற்பது வருஷமாகக் காப்பிப் பழம் பறிக்கிறாள். இரண்டு வருஷமாகச் சில பெயர்கள் நினைத்த நேரத்தில் வருவதில்லை. சல்லடை என்று சொல்ல வேண்டிய இடத்தில், "அந்தச் சலிக்கறத எடு கண்ணு" என்பாள். மருமகள் சசிரேகா எடுத்துக் கொடுத்துவிடுவாள். வேலை நடந்துவிடும்.

தை மாதத்தில் ஒரு காலை. கூட வேலை செய்யும் கனகா கீழ்ச் சரிவில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், செடிகளுக்கு நடுவே, கறுத்த உடம்பும் வெளுத்த கால்களும் மருதாயிக்குத் தெரிந்தன. இந்த மலையில் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது. வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

"கனகா... அது... அது!"

"எதுங்க்கா?" கூடையைக் கேட்கிறாள் என்று நினைத்து, கனகா கூடையைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் பின்னால் மூச்சுச் சீறியது. அவள் திரும்பிப் பார்த்து, அலறி ஓடி, பாறையில் விழுந்தாள். அந்த மிருகம் வேறு பக்கமாக ஏறிப் போய்விட்டது. கனகாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கனகா மெதுவாகக் கேட்டாள்: "ஓடுன்னாச்சும் சொல்லியிருக்கலாமுங்க்கா."

மருதாயிக்கு அது தோன்றவே இல்லை. அந்த ஒரு பெயரையே தேடிக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

பெயர் வராமல் போனதைக் கேள்விப்பட்டு, டாக்டரம்மா மருதாயியையும் உட்கார வைத்து ஏதேதோ கேட்டார். "நோய் இல்லீங்கம்மா. பேரெல்லாம் உள்ளதான் இருக்குது. வயசானா வெளிய வர நேரமாகும். பதட்டத்துல இன்னும் லேட்டாகும்."

"சரிங்க" என்றாள் மருதாயி.

திரும்பும் வழியில், ஜீப் ஒரு வளைவில் ஏறும்போது, அது தானாக வாயில் வந்தது.

"காட்டெருமை."

டிரைவர் பிரேக்கை மிதித்தான். "எங்கீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி, போ."

மறுநாள் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய், இனிச் சரிவுக்குப் போகவில்லை, களத்தில் விடுங்கள் என்று கேட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து சிமெண்டுக் களத்தில் பழம் காயவைத்துக் கிளறுகிறாள். பங்குனியில் கனகா வேலைக்குத் திரும்பினாள். கை சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. மத்தியானம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"நொம்ப வெயிலுங்க்கா இங்க."

மருதாயி தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.