அக்காவுக்காகப் பூட்டிய குழு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொழுதுபோக்காக, ஒரு சமூக வலைத்தளத்தில் சொற்புதிர்க் குழு ஒன்றை ஆரம்பித்தேன். ஒருவர் புதிர் போடுவார், மற்றவர்கள் விடை சொல்வார்கள். அந்தக் குழுவைப் பலரும் தேடி வரும்படி செய்தது ஸ்ரீவில்லிபுத்தூர் அக்காதான்.

அந்த ஊர் மடவார் வளாகத்தில் தங்கையோடு இருக்கிறார். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அவர் புதிர் வந்துவிடும். 'முழுதாய் இருந்தால் ஊர், தலையை எடுத்தால் கை' என்பார். மில் ஷிப்டுக்கு நடுவே ஒருவர், துபாயில் ஒருவர் என்று ஆளாளுக்கு மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வோம். கடைசியில் யாராவது 'நகரம், கரம்' என்று சொல்லிவிட்டால், "அப்பாடா, பிழைச்சீங்க" என்று எழுதுவார்.

அந்தத் தளத்தின் சொந்தச் செயலி அவருக்கு ஒத்துவராது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அவருடைய போன், அதில் எங்கே தொட்டாலும் "பட்டன், பட்டன்" என்றுதான் சொல்லும். வேறு யாரோ ஒரு தனியாள் செய்திருந்த செயலிதான் எல்லாவற்றையும் ஒழுங்காக வாசித்துக் காட்டியது. இனி இப்படிப்பட்ட வெளிச் செயலிகள் பெருந்தொகை கட்டினால்தான் உள்ளே வரலாம் என்று தளத்தார் ஒருநாள் அறிவித்தார்கள். அந்த மனிதர் தன்னால் முடியாது என்று செயலியை நிறுத்திவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பல குழுக்கள் எதிர்ப்புக் காட்டி, யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டிக்கொண்டிருந்தன. நானும் ஒரு நீண்ட குறிப்பு எழுதினேன். 'எங்கள் அக்காவுக்கு இல்லாத இடம் எங்களுக்கும் வேண்டாம்' என்று முடித்துவிட்டுக் குழுவைப் பூட்டினேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எனக்குத் தனிச் செய்தியில் எழுதினார்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் ஆட்களும் ஆளுக்கொரு தளத்துக்குப் போய்விட்டார்கள். அக்காவை நான் போனில் கூப்பிடவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

சில வாரம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போனவன் அப்படியே அவர் வீட்டுக்கும் போனேன். குரலை வைத்தே கண்டுபிடித்து, "வாங்க தம்பி" என்றார். காப்பி கொடுத்தார். குழுவைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"நம்ம விட்டுக்கொடுக்கலக்கா. அம்புட்டு பேரும் வெளிய வந்துட்டோம்."

"ஆமா, நீங்க எழுதுனத தங்கச்சி வாசிச்சுக் காட்டுனா." கொஞ்சம் நிறுத்தினார். "தம்பி, நான் அவிய சொந்தச் செயலியவே பழகிட்டிருந்தேன். எந்த மூலைல எந்த பட்டன்னு தங்கச்சி சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணேன். கஷ்டந்தான். ஆனாலும் ஒரு புதிர் எழுதி முடிச்சுட்டேன். போடப் போனா குழு பூட்டிக் கெடக்கு."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என் பேரைச் சொல்லித்தான பூட்டுனீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாளே குழுவைத் திறந்துவிட்டேன். 'விலை போய்விட்டீர்களா' என்று ஒருவர் எழுதினார். மற்றவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் தட்டுத் தடுமாறிப் புதிர் போட்டார். நான் ஒருவன்தான் பதில் சொன்னேன். வெறிச்சோடிக் கிடந்த அந்த இடத்தைப் பார்க்கச் சகிக்காமல், இன்னொரு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அதிலிருந்தும் விடை எழுதினேன். சில சமயம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.

கொஞ்ச நாள் போனது. அக்காவே போனில் கூப்பிட்டார்.

"அந்தப் புது ஆளும் நீங்கதான தம்பி?"

"எப்படிக்கா...?"

"ரெண்டு பேரும் விடைக்கு முன்னாடி மூணு புள்ளி வைக்கீங்க. என் போன் புள்ளியையும் சேத்து வாசிக்கும்."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"எனக்குப் பாவம் பாத்து விளையாட வேண்டாம். யாரும் வரலேன்னா வரல. போனவிய எங்க இருக்காவன்னு சொல்லுங்க, நானே கேட்டுக்கிடுதேன்."

தெரிந்த எண்களைக் கொடுத்தேன். அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். டெலிபோனில் பேசியே காலம் தள்ளியவர் அல்லவா, நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள். துபாய்க்காரர் வரவில்லை. புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். இன்னும் பழைய கலகலப்பு இல்லை.

அப்புறம் ஒருநாள், "குழுவப் பூட்டுற, திறக்குற உரிமைய எனக்கும் குடுக்கீங்களா?" என்று கேட்டார். உடனே கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் கேட்கும்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.