ஐம்பத்திரண்டாவது விண்ணப்பம்

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டு முடிகிற மூலையில் ஆனர்ஸ் பிரிவு அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு மேசையும் நாலு அலமாரியும் போட்ட பிறகு மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அங்கே இருபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்தவளை மாணவர்கள் ‘சீல் அக்கா’ என்றார்கள். அவளுடைய வட்ட முத்திரை விழாமல் எந்த விண்ணப்பமும் உள்ளே போகாது. முத்திரையை மையில் ஒத்தி, வாயால் ஒருமுறை ஊதி, அதன் பிறகுதான் தாளில் வைப்பாள். ஏன் ஊதுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆனர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கென்றே பல்கலைக்கழகம் சில கதவுகளைத் திறந்து வைத்திருந்தது. வெளியிலிருந்து வருகிற பேராசிரியரோடு பத்தே பேர் உட்கார்ந்து பேசும் கருத்தரங்கு, கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்தில் வேலை, நூலகத்தின் மேல்தளத்துக்குச் சாவி. எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றே மூன்று பேருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம், ஆறு மாதப் படிப்பு. இப்படிக் கதவுகள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் கடைசித் தேதிக்கு மறுநாள் வந்து தலையைச் சொறிவார்கள். சீல் அக்காவுக்கு அது பொறுக்காது. படியிறங்குகிறவனைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக் கூப்பிடுவாள்.

“ஏம்ப்பா, கணக்கு மூணாம் வருஷம்தானே நீ? ஃபாரம் எங்க?”

“எனக்கெல்லாம் கிடைக்காதுக்கா.”

“கிடைக்காதுன்னு சொல்றது அவங்க வேலை. அதை நீ எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யற? நாளைக்குப் பத்து மணிக்குள்ள கொண்டு வா.”

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. தேர்வுக்குழுவில் ஐந்து பேராசிரியர்கள். ஒரே நாளில் ஐம்பது அறுபது விண்ணப்பங்களைப் பார்த்து முடிக்க வேண்டும். வந்த வரிசையில் அடுக்கி மேசைமேல் வைப்பது அவள் பொறுப்பு. மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் அவள்தான். பல வருஷம் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. முதல் இரண்டு விண்ணப்பங்களை எல்லோரும் கறாராகப் பார்ப்பார்கள். மூன்றிலிருந்து பதினைந்து வரைக்கும் மனசு இளகியிருக்கும், கட்டுரையைச் சத்தமாகவே வாசிப்பார்கள். தேநீருக்குப் பிறகு பாதி வாசிப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு மதிப்பெண் மட்டும்தான். வாசித்த கட்டுரையின் ஓரத்தில் குழுத்தலைவர் பச்சை மையில் சின்னதாக ஒரு கிறுக்கல் போடுவார். நாற்பதுக்கு மேல் அந்தப் பச்சையைப் பார்ப்பது அபூர்வம்.

அதனால் நல்லா எழுதியிருக்கிற, ஆனால் கேட்க நாதியில்லாத பிள்ளை யாராவது அடியில் மாட்டிக்கொண்டால், சீல் அக்கா அந்த விண்ணப்பத்தை உருவி நாலாவது அல்லது ஐந்தாவது இடத்தில் செருகிவிடுவாள். தப்புதான். ஆனால் அந்தத் தப்பில் ஏழெட்டுப் பேர் விமானம் ஏறியிருந்தார்கள்.

அவளுடைய அண்ணன் மகளும் அதே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆனர்ஸ் சேர்ந்தாள். அண்ணன் குடும்பம் கீழ்வீட்டில் இருந்தது. அத்தையைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்த பிறகும் அவளுக்குப் பெயர் ‘பொடிசு’. நூலகத்துப் பின்சுவரைச் சுரண்டிப் பாசியெடுத்துத் தீப்பெட்டிகளில் அடைத்து, மேலே தேதி எழுதி ஒட்டுவாள். அத்தை வீட்டு ஜன்னல் விளிம்பெல்லாம் தீப்பெட்டிதான்.

“அடுப்பைப் பத்த வைக்கலாம்னு ஒரு பெட்டியைத் திறந்தா பச்சையா என்னமோ முறைக்குதுடி.”

“அது ரொம்ப அபூர்வமான வகை அத்தை. மூடுங்க, மூடுங்க, காத்து படக்கூடாது.”

மூன்றாம் வருஷம், வெளிநாட்டுப் பருவத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே பாசிகளுக்காகவே ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. அறிவிப்பு ஒட்டிய அன்றைக்கே உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அத்தை, கட்டுரையை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்.”

“ஐயோ, நான் தொடவே மாட்டேன். நாளைக்கு யாராவது கேட்டா?”

“யாரு கேப்பாங்க?”

“கேப்பாங்க.”

கேட்கத்தான் செய்தார்கள். பொடிசின் விண்ணப்பத்துக்கு வரிசை எண் நாலு விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் தேர்வுப் பிரிவு எழுத்தர் ஏதோ கோப்பு வாங்க வந்து, மேசைமேல் இருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டார்.

“அடடே, இந்த வருஷம் ரிசல்ட் இப்பவே வந்தாச்சுபோல! அத்தை கையில சீலு, மருமக கையில டிக்கெட்டு.”

“அப்படியெல்லாம் இல்ல சார். அது பாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கு.”

“நான் என்ன தப்பாவா சொன்னேன்? வீட்டுப் பிள்ளைக்கு நாம செய்யாம யார் செய்வா?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சீல் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? இத்தனை வருஷம் விண்ணப்பங்களை மேலே செருகிய கை யாரிடமும் மாட்டாத கை. அதை இப்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் ஐம்பத்திரண்டு விண்ணப்பங்களையும் அடுக்கி நூலால் கட்டினாள். கட்டியதை அவிழ்த்தாள். நாலாவதை உருவினாள். எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து மறுபடியும் கட்டினாள். நாலாவது இடத்திலேயே விட்டிருந்தால் அது சலுகையே இல்லை, வந்த வரிசை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் முடிச்சைப் போட்டாள்.

மறுநாள் கடைசி விண்ணப்பத்துக்கு வந்தபோது மணி நாலரை. குழுத்தலைவர் பேனாவை மூடிவிட்டிருந்தார்.

“மார்க் எவ்வளவும்மா?”

“எண்பத்தொண்ணு சார்.”

“எடுத்ததெல்லாம் எண்பத்தஞ்சுக்கு மேல. போதும், விட்டுடலாம்.”

தாளைப் புரட்டக்கூட இல்லை. ‘சார், அந்தக் கட்டுரையை மட்டும் பார்த்துடுங்க’ என்று மற்ற பிள்ளைகளுக்காக அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கும் வாயைத் திறந்தாள். திறந்த வாயால் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘பரிசீலிக்கப்பட்டது.’

சாயந்தரம் பொடிசு கீழ்வீட்டிலிருந்து மாடியேறி வந்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“படிச்சாங்களா அத்தை?”

“படிச்சாங்க.”

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. அந்தச் சமயத்தில் ஆறுதல் போலத்தான் இருந்தது. யாரும் படிக்கவேயில்லை என்றால் குழந்தை மனசு உடைந்துபோகும் என்று நினைத்தாள்.

“முழுசா?”

“முழுசாத்தான். அதனால என்ன, கடைசி வருஷமும் போடலாமே.”

“வேண்டாம் அத்தை. படிச்சும் வேண்டாம்னுட்டாங்கன்னா எனக்குத்தான் ஒண்ணும் வரலைன்னு அர்த்தம்.”

அடுத்த வாரம் ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது. சீல் அக்கா துணி எடுத்துத் துடைத்தாள். தூசி இல்லாத சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. பொடிசு படிப்பை முடித்தாள். புட்டித் தண்ணீர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தாள். தண்ணீரில் பச்சையாக எதுவும் முளைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. “நல்ல வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை” என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு சீல் அக்கா எந்த விண்ணப்பத்தையும் இடம் மாற்றவில்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. படிக்கட்டில் இறங்குகிறவர்களைக் கூப்பிடுவதும் குறைந்துபோனது. சீல் அக்காவுக்கு வயசாகிவிட்டது என்றார்கள் பிள்ளைகள்.

ஓய்வு பெறுகிற மாதம் அலமாரிகளைக் காலி செய்தாள். ஏழு வருஷத்துக்கு முந்தின கோப்புகளைக் கிழித்துப் போடலாம் என்பது விதி. அந்த வருஷத்துக் கட்டு கைக்கு வந்தது. கூட்டம் முடிந்து அவள் மறுபடி கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. அடியிலிருந்து உருவினாள். முத்திரை இருந்தது. பச்சை மை இல்லை. கட்டுரைத் தாள்களைச் சேர்த்து அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் துருவேறி, இரண்டு தாளையும் ஒன்றாகக் கடித்துப் பிடித்திருந்தது. கிழித்துப் போட்டால் முடிந்தது. இரண்டு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கீழ்வீட்டுக்குப் போனாள். பொடிசு சமையலறை மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளை மடித்த துண்டின்மேல் வைத்துவிட்டு, நாலாவது இடம், எழுத்தரின் சிரிப்பு, அவிழ்த்துக் கட்டிய நூல் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

பொடிசு ஒரு சட்டையை மடித்தாள். மடித்ததை உதறி, மறுபடியும் மடித்தாள்.

“அடியில வெச்சீங்க. சரி. பயந்துட்டீங்க, அதுவும் சரி. ரோட்டைக் கடக்கவே மூணு தடவை பின்வாங்கற ஆளு நீங்க, எனக்குத் தெரியாதா?”

“என்னை மன்னிச்சுடு கண்ணு.”

“இருங்க. நான் அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். படிச்சாங்களான்னு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த வருஷம் அடம் பிடிச்சு மறுபடி போட்டிருப்பேனே அத்தை. எனக்கு ஒண்ணும் வரலைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் அப்படிச் சொல்லலையேடி.”

“வேற எப்படிச் சொல்வாங்க?”

சீல் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். போய்விடலாம் என்று திரும்பினாள். பொடிசு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க. அன்னிக்குப் படிக்க மாட்டேன்னீங்க. இப்ப எவனும் வந்து கேக்கப் போறதில்ல. படிங்க.”

“நானா?”

“யாராவது ஒருத்தர் படிக்கணும்ல?”

சீல் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பழக்க தோஷம், தாளின்மேல் ஒருமுறை ஊதினாள். துருப்பிடித்த பின்னை நகத்தால் நெம்பி எடுத்தாள்; தாளில் பழுப்பாக இரண்டு புள்ளி நின்றது.

“எங்கள் நூலகத்தின் பின்சுவரில் பதினொரு வகைப் பாசிகள் இருக்கின்றன. அந்தச் சுவருக்கு வருஷத்தில் இரண்டு முறை சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இரண்டு முறையும் அவை திரும்பி வருகின்றன. பதினொன்றில் எது முதலில் வருகிறது என்பதை நான் தீப்பெட்டிகளில்…”

குரல் அங்கே நின்றுவிட்டது. பொடிசு நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் இருந்த சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தாள்.

“நிறுத்தாதீங்க அத்தை. ரெண்டாம் பக்கமும் இருக்கு.”