பூரணியக்காவின் இரண்டாயிரம் மாப்பிள்ளைகள்

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பூரணி கல்யாணத் தரகரானது தற்செயலாகத்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் கொண்டுவந்த தரகர் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தன் பெருமையையே பேசிக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் எழுந்து போன பூரணி, வலப்பனையில் தனக்குத் தெரிந்த பையனொருவனைக் கையோடு கூட்டிவந்து நிறுத்திவிட்டாள். கல்யாணமும் நடந்தது. அன்றோடு கூடையை இறக்கிவைத்துக் கைப்பையை மாட்டிக்கொண்டாள். வாய் மட்டும் அதே வாய்.

ஹட்டனுக்குக் குடிவந்து தொழில் சூடுபிடித்த பிறகு, 2005இல், அவளுக்கு இணையத்தள ஆசை வந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இன்டர்நெட் கடை வைத்திருந்த தர்சன் செய்து கொடுத்தான். தகப்பன் ஆசிரியராக இங்கே மாற்றலாகி வந்ததால் மலைக்கு வந்துசேர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன். பெண்ணின் படமும் நான்கு வரியும் போதும் என்றான். பூரணிக்கு அது எழவு வீடு மாதிரிப் பட்டது.

“கல்யாண வீடு மாதிரி இருக்கணும் தம்பி. வாழமரம் எங்க? பிள்ளையாரு எங்க?”

ஆகவே ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் பிள்ளையார் ஆடினார், குத்துவிளக்கு எரிந்தது, இரண்டு வாழைமரங்கள் குலை தள்ளின, மூலைக்கு மூலை மல்லிகை பூத்தது. பெண்ணின் படத்தோடு எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு இருபது படங்கள். அடியில் ஓர் எண்ணும் ஓடியது.

“அது என்னா நம்பரு?”

“ஹிட்ஸ் அக்கா. பாக்கப் பாக்கக் கூடும்,” என்றான் தர்சன். கடதாசியைக் கடித்துக்கொண்டு விடாத பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு விளக்கவில்லை.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு எண்ணிக்கை என்றால் பேர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றால் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் கணக்கெழுதும் கண்டாக்கையா முகத்தைச் சுளித்து முழுப்பேருக்குப் பதில் அரைப்பேர் போடுவார். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு பேர் போட்ட கண்டாக்கு உலகத்தில் பிறக்கவேயில்லை. எனவே நானூறு ஹிட்ஸ் என்றால் நானூறு ஆண்பிள்ளைகள் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள் என்று பூரணி முடிவுகட்டினாள். நம்பர் பொய் சொல்லவா போகிறது?

வினை அங்கேதான் தொடங்கியது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் பிரியந்தியை, வட்டவளைத் தேயிலை ஃபெக்டரியில் மெக்கானிக்கான யோகேஸ்வரன் வந்து பார்த்திருந்தான். பெண்ணுக்குப் பிடித்திருந்தது. தாய் நாகலெட்சுமி சரி சொல்லும் தறுவாயில் பூரணி போய்ப் பெருமையடித்தாள்.

“நம்ம பிரியந்திய நானூறு பேரு பாத்துட்டாங்க, தெரியுமா? லண்டன், கனடா எல்லாம் இருக்கும்!”

நாகலெட்சுமிக்குத் தலை சுற்றியது. “அப்ப கொஞ்சம் பொறுப்போமே,” என்றாள். பிரியந்தி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொறுக்கப் பொறுக்க எண் ஏறியது. எண்ணூறு என்றதும் நாகலெட்சுமி யோகேஸ்வரனின் போனை எடுக்காமல் விட்டாள். ஆயிரத்து ஐந்நூறு என்றதும் அவன் வேலையைக் குறை சொல்லத் தொடங்கினாள். மார்கழி பிறந்தபோது எண் இரண்டாயிரத்து நூறு. தை வந்தால் யோகேஸ்வரனுக்கு அவன் அண்ணன் வேறிடத்தில் பேசி முடித்துவிடுவாராம். இரண்டாயிரத்து நூறு பேரில் ஒருவன்கூடப் பூரணிக்குப் போன் பண்ணவில்லை.

பூரணி மாடிப்படி அதிர ஏறினாள்.

“ஏன் தம்பி, இத்தன பேரு வந்து பாத்துட்டு ஒருத்தனுக்குமா வாயில்ல?”

விஷயம் புரிந்ததும் தர்சன் தலையில் கைவைத்துக்கொண்டான். “ஐயோ அக்கா, அது ஆக்கள் இல்லை. பக்கத்தை ஒருக்காத் திறந்தா எழுத்து எல்லாத்துக்கும் சேத்து ஒண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொண்டு. மொத்தம் இருபத்தொரு ஹிட்ஸ்.”

“பிள்ளையாருக்குமா பேர் போட்ட?”

“ஓம்.”

“வாழமரத்துக்கு?”

“அதுக்கும்தான்.”

பூரணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டாயிரத்து நூறு மாப்பிள்ளைகள் ஒரே மூச்சில் நூறாகிவிட்டார்கள். “சரி, நூறு பேராவது இருக்காங்களே.”

“நூறு ஆக்களும் இல்லை. நூறு தரம். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தாலும் ஏறும்.” தர்சன் நாளுக்கொரு கோடு போட்டிருந்த கணக்குப் பக்கத்தைத் திறந்தான். அவனே சரிபார்க்கத் திறந்தது கொஞ்சம். தேடுபொறிகள் மேய்ந்துவிட்டுப் போனது கொஞ்சம். பூரணி ஆட்களைக் கடைக்குக் கூட்டிவந்து காட்டிப் பீற்றிக்கொண்டது கொஞ்சம். மீதிக் கோடுகள் கிழமை நாட்களில் படுத்துக்கிடந்தன, ஞாயிறு தோறும் எழுந்து நின்றன.

“இது எங்கட கடை விலாசம்தான். ஞாயிறில ஒருத்தர் வாறவர். மூலை மெஷின்தான் கேப்பார். போனாப் பிறகு மவுஸ் முழுக்கத் தேயிலைத் தூள்.”

பூரணிக்கு வட்டவளை ஃபெக்டரி நினைவுக்கு வந்தது.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மூலை மெஷினுக்குப் பின்னால் போய் நின்றாள். மடிப்புக் கலையாத சட்டையில் யோகேஸ்வரன்.

“என்னா தம்பி பண்றீங்க?”

அவன் துள்ளி எழுந்தான். “ஒண்ணுமில்லீங்கக்கா. மெயில் பாக்க வந்தேன்.”

“ஒங்க மெயில்லயும் பிள்ளையாரு ஆடுறாரா?”

யோகேஸ்வரனின் காது சிவந்தது. மறைக்க முடியாதென்று தெரிந்ததும் மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டான். “எத்தன பேரு பாத்துருக்காங்கன்னு பாக்கத்தாங்க வருவேன். ஒவ்வொரு தடவயும் இருபது இருபத்தொண்ணு கூடுதுங்க. யாரு வந்தானோன்னு பயந்து மறுபடி தொறப்பேன். மறுபடியும் கூடிருக்கும். இத்தன பேருக்கு முன்னால நான் எங்கங்க?”

பூரணி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பையனைத் துரத்தியது லண்டன்காரனுமில்லை, கனடாக்காரனுமில்லை. அவனேதான். அவன் ஏற்றிவிட்ட எண்ணைத் தூக்கிக்கொண்டு போய் அவன் கல்யாணத்தைக் கெடுத்தவள் தான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து நேரே நாகலெட்சுமியின் லயத்து வீட்டுக்குப் போனாள். வழியில் நாலு பொய் யோசித்தாள். ஒன்றும் வாய்க்கவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

“பிள்ளையாரு, வாழமரமெல்லாம் கழிச்சா மிச்சம் ஒரே ஒரு மாப்பிள்ளதான் லெச்சுமி. வட்டவளைத் தம்பி.”

“ரெண்டாயிரம் பேருன்னு சொன்னியேடி! ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!” நாகலெட்சுமி குதித்தாள். பூரணியின் இணையத்தளத்தையும் அவள் கைப்பையையும் விளாசித் தள்ளினாள். பூரணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

குசினி வாசலில் நின்ற பிரியந்தி அப்போதுதான் கேட்டாள். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தாரா அத்தே?”

“ஒண்ணு விடலம்மா.”

“மழையடிச்சுதே, ரோட்டுல மண்ணு சரிஞ்சுதே, அன்னைக்குமா?”

பூரணி தர்சன் காட்டிய கோடுகளை நினைத்துப் பார்த்தாள். “அன்னைக்குந்தான்.”

பிரியந்தி தாயைப் பார்த்தாள். மகளின் முகத்தில் சிரிப்பு அடங்க மறுத்தது.

“அப்ப அவருக்கு முழுப்பேர் போட்டுருங்க அத்தே.”